இரண்டாம் ஆண்டில் ஒரு காலி இடம்

எங்கள் கடைத்தெருவில் ஒரு கடை காலியானால் வாடகை எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. முன்பு இருந்தவன் ஏன் போனான் என்றுதான் கேட்போம். வருகிற பதிலை நம்புவதும் இல்லை. 'பெரிய இடமாகப் பார்த்துப் போய்விட்டார்' என்றால் கூரை ஒழுகுகிறது என்று பொருள். 'சொந்த ஊருக்கே போய்விட்டார்' என்றால் பக்கத்துக் கடைக்காரன் சரியில்லை. 'என்னமோ தெரியவில்லை, போய்விட்டார்' என்று ஒருவன் சொன்னால் மட்டும் மேற்கொண்டு பேசலாம். பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுகிறான் என்றால் மறைக்கிற விஷயம் சிறியதாகத்தான் இருக்கும்.

அண்ணன் மகள் ஒரு மதியம் கடைக்கு வந்தாள். அரசுக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் விண்ணப்பிக்கலாமாம் என்று சொன்னாள். அண்ணன் கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"யாரு காலி பண்ணது?"

"யாரோ ஒரு பையன்ப்பா."

"ஏன் பண்ணான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாத இடத்துக்கு எதுக்குப் போற?"

எங்களுடையது கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. அண்ணன் முதலாளி, நான் தம்பி என்ற முறையில் பாதி முதலாளி, முழு வேலைக்காரன். அண்ணன் மகளை வீட்டில் 'ரசீது' என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் யார் என்ன சொன்னாலும் "அதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர். எங்கள் குடும்பத்தில் அந்தக் குணத்துக்கு அடி விழாது, மிட்டாய்தான் கிடைக்கும்.

அவள் ஏற்கெனவே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முதல் ஆண்டை முடித்திருந்தாள். அதன் முதலாளி எங்கள் வாடிக்கையாளர். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, பேருந்துக் கட்டணத்தில் கொஞ்சம், நூலகக் கட்டணத்தில் கொஞ்சம் என்று வெட்டி வெட்டி அண்ணன் வாங்கிய சீட் அது. வாங்கிய பிறகு ஒரு வாரம் தெருவில் மார்பை நிமிர்த்தி நடந்தார். பெண்ணும் மதிப்பெண்களை வாரிக்கொண்டு வந்தாள். இப்போது அந்த இடத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள்.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம் முளைத்தது. பழைய கல்லூரியில் ஒரு பையன் தொந்தரவு கொடுக்கிறான், அதனால் ஓடி வருகிறாள் என்று அண்ணி நினைத்தார். புதிய கல்லூரியில் ஒரு பையன் இருக்கிறான், அதனால் ஓடிப் போகிறாள் என்று அண்ணன் நினைத்தார். இரண்டு பையன்களையும் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டார்கள். ரசீது நடுவில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிட்டாள்.

எனக்கு மட்டும் அவள் விஷயத்தைச் சொன்னாள். கிடங்கில் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தேன், மறுமுனையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, அங்க லேப் பூட்டியே இருக்கு."

"எப்பவாவது திறப்பாங்க இல்ல?"

"சோதனை பண்ண அதிகாரிங்க வந்தா திறப்பாங்க. நான் உள்ள போனது ஒரே தடவை. குரூப் போட்டோ எடுக்க. கண்ணாடி சாமான் எல்லாம் இன்னும் வைக்கோல்லயே இருக்கு."

"செய்முறைத் தேர்வுல ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினியே?"

"எல்லாருக்கும் நாற்பத்தெட்டுதான். எனக்கு எதையும் கையில பிடிக்கத் தெரியாது சித்தப்பா. இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்தா, தெரியாமலேயே பட்டம் வாங்கிடுவேன். அப்புறம் எவன் வேலை குடுப்பான்? இந்த ஒரு இடம்தான் இருக்கு. இதை விட்டா வழியே இல்ல."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கேட்டதற்கு நானே வெட்கப்பட்டேன். அண்ணனிடம் போய், நீங்கள் பேரம் பேசி வாங்கியது சொத்தைச் சரக்கு என்று சொல்வதா? எங்கள் வீட்டில் அப்பனைத் திருடன் என்று சொல்லிவிட்டுக்கூட ஒருவன் தப்பிக்கலாம். ஏமாந்தவன் என்று சொல்லிவிட்டு அடுத்த வேளைச் சோற்றில் கை வைக்க முடியாது.

அண்ணன் மறுநாளே விசாரணையில் இறங்கினார். துணைக்கு நான். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த நகலெடுக்கும் கடைக்காரனின் வாயைக் கிளறினோம். அந்தப் பையனுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, போய்விட்டான் என்றான். காவலாளியும் அதையே சொன்னார். தேநீர்க் கடைக்காரர் கேட்பதற்கு முன்பே அதைச் சொன்னார்.

"பார்த்தியா தம்பி," என்றார் அண்ணன். "மூணு பேரும் ஒரே பதில்."

"உண்மையா இருந்தா ஒரே பதிலாத்தானே அண்ணே இருக்கும்?"

"உண்மையா இருந்தா ஆளுக்குக் கொஞ்சம் மாத்திச் சொல்லுவான். இது சொல்லிக் குடுத்தது."

ஆகவே பையன் வீட்டுக்கே போனோம். கதவைத் திறந்தவர் பையனின் அப்பா. சலவைச் சட்டை போட்ட இரண்டு பேர் வாசலில் நின்று, உங்கள் மகனைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்றதும் மனிதர் ஒரு வினாடி எங்களை அளந்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகி, உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நீங்க அக்கம்பக்கத்துல கேட்டுக்கலாம்."

"ஏன் அந்தக் காலேஜை விட்டான்?"

"டாக்டருக்குப் படிக்கிறான். ரெண்டாவது முயற்சியில கிடைச்சிருச்சு. ஆனா இப்போதைக்கு அவசரம் இல்லைங்க, படிப்பு முடியட்டும். பொண்ணு என்ன படிக்கிறா?"

"வேதியியல்," என்றார் அண்ணன், கேட்ட கேள்விக்குப் பதிலாக.

"நல்லாப் பொருந்துது," என்றார் அவர்.

நான்தான் அண்ணனின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். தெருவுக்கு வந்த பிறகே அண்ணனுக்கு உறைத்தது.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பையன் போனதுக்குக் காரணம் சரி. ஆனா இடம் இன்னும் ஏன் நிரம்பலை?" என்றார். சந்தேகத்துக்கு மட்டும் எங்கள் வீட்டில் இருப்பு குறைந்ததே கிடையாது.

சந்தேகத்தோடேயே விண்ணப்பம் போட்டாயிற்று. நேரில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். பேருந்தில் அண்ணன் மகளுக்குப் பாடம் நடத்தினார்.

"உள்ள போனதும் முகத்துல ஒன்னும் தெரியக் கூடாது. பிடிச்சிருக்குன்னு காட்டினா நம்ம கதை முடிஞ்சது. ஏன் வர்றேன்னு கேட்டா நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்கிறேன்."

"அது கடை இல்லப்பா."

"மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு, இந்தப் பக்கம் ஒரு ஆளு. நடுவுல ஒரு சாமான். அப்புறம் அது என்ன?"

ரசீது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வேதியியல் துறையின் நடைபாதையில் ஒரு பெஞ்சு. அதில் எங்களுக்கு முன்பே இன்னொரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, மடியில் உறை போட்ட கோப்பு. இடம் ஒன்று, பெண்கள் இரண்டு. நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒரே சரக்குக்கு வந்த இரண்டு வியாபாரிகள் போல ஒருவருக்கொருவர் புன்னகைத்துக்கொண்டோம்.

துறைத்தலைவர் ஓர் அம்மா. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். இடுப்பில் அலமாரிச் சாவிகள் தொங்கின. மதிப்பெண் பட்டியலை வாங்கினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பட்டியலையும், கண்ணாடி வழியாக ஒரு முறை ரசீதையும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். புதுக் கொள்முதலை விரித்துப் போட்டு வெளிச்சத்தில் ஓட்டை தேடும்போது அண்ணன் பார்க்கிற பார்வை.

"இவ்வளவு மார்க் வாங்குற பொண்ணு ஏம்மா அங்கேருந்து வரணும்?"

ரசீது வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "வரணும்னு ஒன்னும் கட்டாயம் இல்லைங்க. அங்கயே நல்லாத்தான் போய்க்கிட்டு இருக்கு. சும்மா, இங்க எப்படின்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாம்னு."

"பார்வை பார்க்கவா?"

"ஆமாங்க. எங்களுக்கு அவசரம் கிடையாது."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "போன தடவையும் ஒருத்தன் இப்படித்தான் அவசரம் இல்லாம வந்தான். நடு வருஷத்துல கிளம்பிட்டான். அந்த இடம்தான் இது. நடுவுல போனா அந்த வருஷம் மறுபடி நிரப்ப விட மாட்டாங்க. ஒரு வருஷம் முழுக்க ஒரு மேசை சும்மா கிடக்கும். வெளியே எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒருத்தர்தான் பெஞ்சுல இருக்காங்க," என்றார் அண்ணன். நிலவரம் தெரிந்தவன் என்று காட்டிக்கொண்டால் விலை இறங்கும் என்று நினைத்தார் போலும்.

அந்த அம்மாவின் முகம் இறங்கவில்லை, இறுகியது. "நேராவே கேக்கறேன். அங்க ஏதாவது பிரச்சினையா? காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டாளா? வெளியே போன்னு சொல்லிட்டாங்களா?"

"என்ன மேடம் பேசறீங்க? எங்க பொண்ணைப் பத்தித் தெருவுல வந்து கேட்டுப் பாருங்க."

"தெருவுல கேக்கறது என் வேலை இல்லை. நல்ல பொண்ணு, நல்ல மார்க், நல்ல காலேஜ், அவசரமும் இல்லைங்கறீங்க. இத்தனை நல்லது சேர்ந்து என் அறைக்கு ஏன் வருதுன்னு எனக்குப் புரியலை."

அப்போது அண்ணன் எங்கள் தொழிலில் யாரும் கடைசியாகச் செய்கிற காரியத்தைச் செய்தார். எழுந்தார். "சரிங்க. அப்ப நாங்க வர்றோம்," என்றார்.

பேரம் படியாதபோது எழுந்து போவதில் ஒரு கணக்கு உண்டு. வேகமாகப் போகக் கூடாது. கோபம் என்று நினைத்து விட்டுவிடுவான். நின்று நின்றும் போகக் கூடாது. நடிப்பு என்று கண்டுபிடித்துவிடுவான். பின்னாலிருந்து 'சரி, வாங்க' என்ற குரல் வருவதற்குத் தேவையான தூரத்தை முதுகால் அளந்துகொண்டே போக வேண்டும். அண்ணன் அதில் கைதேர்ந்தவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பழக்க தோஷத்தில் என் கால்களும் அவர் பின்னால் நகர்ந்தன.

குரல் வந்தது. மணியின் குரல். அந்த அம்மா மேசை மணியை அடித்து, உதவியாளரிடம், "அடுத்த பொண்ணை வரச் சொல்லுங்க," என்றார்.

அண்ணன் கதவருகே நின்றுவிட்டார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. திரும்பினால் மானம் போகும், திரும்பாவிட்டால் சீட் போகும். மனிதர் கதவின் கைப்பிடியை ஏதோ விலைக்குக் கேட்கப்போகிறவர் போலத் தடவிக்கொண்டிருந்தார்.

ரசீது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"மேடம், எனக்கு இந்த இடம் வேணும்."

கதவருகே அண்ணனின் முதுகு விருட்டென்று நிமிர்ந்தது. அவருக்கு அதைவிட யாராவது கல்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் தேவலை.

"ரொம்ப வேணும். அப்பா சொன்னது எல்லாம் சும்மா. அங்க லேப் திறக்கவே மாட்டாங்க. செய்முறைல இருக்கிற மார்க் நான் வாங்கினது இல்ல. அவங்க போட்டது. தியரி மட்டும் நான் படிச்சு எழுதினது."

 வெளியே போகத் திரும்பிய உதவியாளரை அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஆனால் முகத்தில் இரக்கத்தின் சாயல் எதுவும் இல்லை. சந்தேகம் இன்னொரு படி ஏறியிருந்தது.

"இப்படிச் சொன்னா மனசு இளகிடுவேன்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் முகம் அப்படி.

"யாரும் சொல்லிக் குடுக்கலை."

"சாட்சி?"

எங்கள் வீட்டுப் பெண்ணிடமே கேட்கிறார். ரசீதுக்கு இதழோரத்தில் சிரிப்பு வந்தது. "லேபுக்குக் கூட்டிப் போங்க மேடம். தெரிஞ்சிரும்."

நான்கு பேரும் போனோம். அண்ணன் கடைசியாக, சவ ஊர்வலத்தில் நடப்பவர் போல வந்தார். நீண்ட மேசைகள், நடுவில் தொட்டிகள், அமிலம் பட்டுப் பொரிந்த பலகை. நான்கைந்து மாணவர்கள் ஏதோ நிறம் மாறுவதற்காகக் குடுவையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா இரண்டு பக்கமும் திறந்த ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து ரசீதின் கையில் கொடுத்தார்.

"பிப்பெட். இது எதுக்குன்னு சொல்லு."

ரசீது கடகடவென்று சொன்னாள். எவ்வளவு திரவம் எடுக்கும், எந்தக் கோடு வரை, எந்த மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், எங்கே பிழை வரும். குடுவை ஆட்டிய மாணவர்கள் ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி. இப்ப இதுல தண்ணி எடு."

கண்ணாடிக் குவளையில் குழாயை நிறுத்தி, மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சி, விரலால் அடைக்க வேண்டும். ரசீது கட்டைவிரலை வைத்து அடைத்தாள். தண்ணீர் பாதி வழியில் சரசரவென்று இறங்கி, மேசையில் ஓடி, என் செருப்பில் சொட்டியது. இரண்டாம் முறை உறிஞ்சியதில் வாய்க்குள்ளேயே வந்து இருமினாள். ஒரு மாணவன் சிரிப்பை அடக்க முடியாமல் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த அம்மா முதல் முறையாக நம்பினார். "இது நடிச்சு வராது," என்றார்.

 அண்ணன் மகளின் நனைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு மதிப்பெண்ணைத் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் இப்போது நினைவு வந்திருக்கும்.

"ஆனா கேளும்மா," என்றார் அந்த அம்மா. "உன்னை ரெண்டாம் வருஷத்துல நிறுத்த முடியாது. அங்க கையில எடுக்கிறது தண்ணி இல்லை, அமிலம். அந்த இடம் வெளியே இருக்கிற பொண்ணு தகுதியா இருந்தா அவளுக்குப் போகும். உனக்கு முதல் வருஷத்துல ஒரு இடம் தர்றேன். அங்க படிச்ச வருஷம் கணக்குல வராது."

 ஒரு முழு வருஷம். அண்ணனுக்கு எங்கிருந்தோ உயிர் வந்தது. தொழில்காரன் இல்லையா.

"மேடம், தியரி எல்லாம் தெரியுதே. பாதி வருஷமா வச்சுக்கிட்டு..."

"சரி மேடம்," என்றாள் ரசீது.

"ஏய், இரு. பேசிக்கிட்டு இருக்கேன் இல்ல."

"சரி மேடம். முதல் வருஷம்."

இப்போது அந்த அம்மாவுக்கே மூக்கு வேர்த்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு வருஷம் போகுதுங்கறேன். உடனே சரிங்கற. வீட்டுல கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்லேன்."

"வேண்டாம் மேடம். எங்க வீட்டுல பேச ஆரம்பிச்சா நாளைக்கு முடியாது."

சொன்ன விலைக்கு, சொன்ன மாத்திரத்தில், ஒரு சல்லி குறைக்காமல். எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு கொள்முதல் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். குரலில் பேரம் இல்லை.

"நான் இந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கலாங்களா?"

"பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார். இழுப்பறைகளை இழுத்தார். ஓர் அலமாரி பூட்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். விஷம் என்றார் அந்த அம்மா. காட்டுங்கள் என்றார் அண்ணன். அந்த அம்மா முகம் சுளிக்காமல் இடுப்புச் சாவியால் திறந்து காட்டினார். எந்தச் சரக்கு வியாபாரியும் அண்ணனை இவ்வளவு மரியாதையாகச் சந்தேகப்பட விட்டதில்லை.

மூலையில் ஒரு பழைய வாளி. அதில் உடைந்தும் நொறுங்கியும் கண்ணாடித் துண்டுகள். அண்ணன் குனிந்து ஒரு துண்டை எடுத்தார்.

"இது ஏன் இப்படி?"

"உடைஞ்சது. பசங்க கைப்பட்டா உடையத்தானே செய்யும்? மாசா மாசம் ஒரு வாளி போகுது."

அண்ணன் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுஞ்சாலைக் கல்லூரியில் வைக்கோலுக்குள் ஒரு கீறல் இல்லாமல் தூங்குகிற சாமான்கள் அவர் கண்முன் வந்தனவோ என்னவோ, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார். துண்டை வாளியில் பூப்போல வைத்தார்.

"உடைச்சா யார் காசு கட்டணும்?"

"உடைச்சவங்க."

"அது நியாயம்," என்றார் அண்ணன். "சேர்த்துக்கங்க."

தொட்டியருகே, சற்றுமுன் சிரித்த மாணவன் தன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, கட்டைவிரல் இல்லை, இது, என்று ரசீதுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அண்ணனின் கண் உடனே அந்தப் பையன் மேல் போய் நின்றது. ரசீது யாரையும் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்து அடைத்தாள். தண்ணீர் குழாயில் ஒரு கணம் நின்றது, பிறகு ஒழுகியது. குழாயை மறுபடியும் குவளையில் விட்டாள்.